குளிர் நாட்டுக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு கோட்டு



ஈப்போ வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஓவர்கோட்டைப் பற்றி எழுத வந்திருக்கிறாளே, இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். பகலில் 33 டிகிரி வெயில் அடிக்கும் ஊர் நம்முடையது. இரவில் 24 டிகிரிக்கு இறங்கினாலே போர்வையைத் தேடுகிறோம். நமக்கும் கம்பளிக் கோட்டுக்கும் என்ன உறவு?

உறவு உண்டு. சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரையில் ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்த தோட்டங்கள் பல, இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தில் பிறந்த நாம் தாமான்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியிருக்கிறோம். அந்த வீடுகளில் ஏதாவது ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஒரு நல்ல செய்தி வருகிறது. ஒரு வீட்டுப் பையனுக்கு லண்டனில் இடம். இன்னொரு வீட்டுப் பையனுக்கு மாஸ்கோவில் மருத்துவம். வேறொருவனுக்கு மெல்பர்னில் கணக்கியல். பால் வெட்டியவரின் பேரன் விமானம் ஏறுகிறான். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் பட்டியல் தொடங்கிவிடுகிறது. பெட்டி, கடப்பிதழ், கட்டணம், கடைசியில் குளிர்ச் சட்டை. இதில் மற்ற எல்லாவற்றுக்கும் விவரம் சொல்ல ஆள் இருக்கிறது. குளிர்ச் சட்டைக்கு மட்டும் யாரும் இல்லை. ஏனென்றால் குளிரை நம்மில் பலர் கண்டதே இல்லை.

ஈப்போவில் ஒரு தையற்கடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கைவேலை செய்தவள் நான். பித்தான் தைப்பது, ஓரம் மடிப்பது, உள்துணி மாற்றுவது என் வேலை. வெளிநாடு போகிற பிள்ளைகளின் கோட்டுகள் பல என் மடியில் கிடந்து திருத்தம் பெற்றிருக்கின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோட்டு நம் மக்களுக்குப் புதிதன்று. பழைய படங்களைப் பாருங்கள். வேட்டி, தலைப்பாகை, அதன்மேல் ஒரு கறுப்புக் கோட்டு, கையில் தடி. அதுதான் கங்காணி. இந்த வெக்கையில் அந்தக் கோட்டு அவருக்கு எந்தக் குளிரையும் தடுக்கவில்லை. 'நான் உன்னைவிட மேலானவன்' என்று பிரட்டுக்களத்தில் நின்ற கூட்டத்துக்குச் சொல்வதற்காகவே அவர் அதை அணிந்தார். அதனால்தானோ என்னவோ, கோட்டு என்றாலே நமக்கு அந்தஸ்து நினைவுக்கு வருகிறது. பிள்ளைக்குக் கோட்டு வாங்கும்போதும் 'நாலு பேர் மெச்ச வேண்டும்' என்று பார்க்கிறோம். குளிர் நாட்டில் கோட்டின் வேலை வேறு. அங்கே அது உடம்பைக் காக்கும் பொருள். நம் ஊரில் கூரை எதற்கோ, அங்கே கோட்டு அதற்கு.

கோட்டு சூடு தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சூடு கோட்டிலிருந்து வருவதில்லை, நம் உடம்பிலிருந்தே வருகிறது. அது ஓடிப் போகாமல் பிடித்து வைப்பதே கோட்டின் வேலை. லயத்தில் இரவு அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி வைப்பார்களே, விடியற்காலையில் கிளறினால் கங்கு உயிரோடு இருக்கும். சாம்பல் தீயை உண்டாக்குவதில்லை, காக்கிறது. கம்பளியும் அப்படித்தான். ஆட்டு மயிர் இயற்கையிலேயே சுருள் சுருளானது. அந்தச் சுருள்களுக்கு இடையில் காற்று தங்குகிறது. தங்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இன்னொரு நன்மையும் கம்பளிக்கு உண்டு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் அது கைக்கு நனைந்ததாகத் தெரியாது. பருத்தி அப்படியன்று. நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரை உள்ளே இழுத்துவிடும்.

இந்த இடத்தில் நம் தொழிலோடு தொடர்புடைய ஒரு செய்தி. மழைக்கோட்டுக்கு ஆங்கிலேயர் 'மெக்கின்டோஷ்' என்று பெயர் சொல்வார்கள். அது ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டோஷ் என்ற இரசாயன அறிஞரின் பெயர். இரண்டு துணிகளுக்கு நடுவே கரைத்த ரப்பரைப் பூசி ஒட்டி, தண்ணீர் புகாத துணியைச் செய்து 1823இல் காப்புரிமை பெற்றார். அந்தக் கோட்டு வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டறிந்த பிறகே அந்தக் குறை தீர வழி பிறந்தது. அப்போதெல்லாம் ரப்பர் பிரேசில் காட்டிலிருந்து போனது. 1877இல்தான் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரம் கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். உங்கள் கொள்ளுத் தாத்தாவை இந்த நாட்டுக்கு அழைத்து வந்தது இந்த மரம்தான் என்று சொல்லுங்கள்.

ஆனால் ரப்பர் கோட்டு மழைக்குத்தான் உதவும். வியர்வை வெளியேற வழியில்லாததால் அன்றாடக் குளிருக்கு ஏற்றதன்று. மழையும் காற்றும் மட்டும் உள்ள நாளுக்கு கேபர்டின் துணியில் தைத்த 'டிரெஞ்ச்' கோட்டு நல்லது. நெருக்கமாக நெய்த அந்தத் துணியை 1879இல் தாமஸ் பர்பெரி உருவாக்கினார். முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் இருந்த அதிகாரிகள் அணிந்ததால் கோட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. கடுங்குளிருக்குக் கம்பளி ஓவர்கோட்டே ஏற்றது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

போகிற நாட்டை முதலில் பாருங்கள். லண்டனில் சனவரி மாதத்தில் பகலிலும் பத்து டிகிரியை எட்டாத நாட்களே மிகுதி. ஒரு நல்ல கம்பளி ஓவர்கோட்டும் உள்ளே ஒரு ஸ்வெட்டரும் போதும். மெல்பர்னில் குளிர்காலம் சூன் முதல் ஆகஸ்டு வரை. நாட்காட்டியே அங்கே தலைகீழ். அங்கு இலேசான கோட்டு போதும். மாஸ்கோவில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்கும் இரவுகள் உண்டு. அங்கே போகிறவனுக்கு அழகான ஓவர்கோட்டு மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். தொடை வரை மூடுகிற, பறவையின் மெல்லிறகு அடைத்த தடித்த சட்டையும், அடி கனமான காலணியும் வேண்டும். அவற்றை அங்கே போய் மூத்த மாணவர்களின் துணையோடு வாங்குவதே சிறந்தது. குளிரில் வாழ்கிறவன்தான் குளிருக்குச் சட்டை விற்கத் தெரிந்தவன்.

இரண்டாவது, துணி. கழுத்துக்குக் கீழேயோ உள்பையிலோ ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். நூற்றுக்கு எத்தனை பங்கு கம்பளி என்று அதில் எழுதியிருக்கும். எண்பது பங்குக்குமேல் கம்பளி இருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கலாம். கொஞ்சம் நைலான் கலப்பது துணி தேயாமல் உழைப்பதற்காக, அதில் தவறில்லை. பாலியெஸ்டரே பெரும்பங்கு என்றால் பார்வைக்குக் கம்பளி போலிருக்கும், காற்று அடித்தால் குட்டு வெளிப்படும். நூல் பந்து போன்ற 'வுல்மார்க்' முத்திரை 1964 முதல் தூய கம்பளிக்கு அடையாளமாக வழங்குகிறது. அது இருந்தால் நல்லது. சீட்டு கிழிந்து போயிருந்தால், கடைக்காரரின் அனுமதியோடு உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவித் தீயில் காட்டுங்கள். கம்பளி என்றால் தலைமயிர் கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் உதிரும். பாலியெஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாகிவிடும்.

மூன்றாவது, தோள். தையற்காரர் சொல்லக்கூடிய மிகப் பெரிய இரகசியம் இதுதான். பக்கவாட்டைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், கீழ் ஓரத்தை மடிக்கலாம். தோளைத் திருத்துவது பெரும்பாடு. கோட்டைப் பிரித்து மறுபடி தைப்பதற்குச் சமம். ஆகவே தோள் தையல் தோள் எலும்பின் முனையில் சரியாக அமர்கிறதா என்று பாருங்கள். மெல்லிய சட்டையோடு அளவு பார்க்காதீர்கள். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பித்தான்களை மாட்டி, இரு கைகளையும் முன்னால் நீட்டிப் பாருங்கள். முதுகு இறுக்கினால் பெரிய அளவை எடுங்கள். பித்தான் போட்ட பிறகு மார்புக்கும் கோட்டுக்கும் நடுவே மூடிய கை ஒன்று நுழைய இடம் இருக்க வேண்டும். கை நீளம் மணிக்கட்டைத் தாண்டி, உள்சட்டைக் கை வெளியே தெரியாமல் மூட வேண்டும். உயரம் குறைந்த பிள்ளைக்கு முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் கோட்டு அழகு. உயரமானவனுக்கு முழங்காலைத் தொடலாம்.

நான்காவது, வகையும் வண்ணமும். ஒற்றை வரிசைப் பித்தான் வைத்த எளிய கோட்டு எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஆங்கிலேயர் அதைச் 'செஸ்டர்ஃபீல்டு' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பெயர் கொண்ட பிரபு ஒருவரால் வந்த பெயர். வகுப்புக்கும் போடலாம், நேர்முகத் தேர்வுக்கும் போடலாம். இரட்டை வரிசைப் பித்தான் வைத்தது மார்பில் இரண்டு அடுக்காக மூடுவதால் கூடுதல் வெப்பம் தரும், ஆனால் பருத்த உடம்பை இன்னும் பருமனாகக் காட்டும். மரப் பித்தானும் தலைமூடியும் வைத்த 'டஃபில்' கோட்டு மாணவர்களுக்கு ஏற்றது. பெல்ஜியத்தில் உள்ள டஃபில் என்ற ஊரின் பெயரால் வழங்கும் முரட்டுக் கம்பளி அது. ஒரே கோட்டுத்தான் வாங்க முடியும் என்றால் கருநீலம் அல்லது அடர்சாம்பல் வாங்குங்கள். அழுக்குத் தெரியாது, எந்தக் கால்சட்டைக்கும் சேரும். 'கறுப்பாக இருக்கிறோமே, நமக்குக் கோட்டு எடுக்குமா' என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. தம்பி, உன் நிறத்துக்குக் கருநீலமும் எடுக்கும், ஒட்டக மயிர் நிறமும் எடுக்கும். நிமிர்ந்து நட, போதும்.

இனிப் பணத்தின் பேச்சு. இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மகனுக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்தது. தம்பி மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அடகு வைத்துப் பெரிய அங்காடியில் புதுக் கோட்டு வாங்க வேண்டும் என்றாள். 'பையன் வெள்ளைக்காரன் நடுவில் குறைவாகத் தெரியக்கூடாது, அண்ணி' என்றாள். தாயின் மனம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சங்கிலி, பிள்ளை அங்கே நோயில் விழுந்தாலோ உதவித்தொகை தாமதமானாலோ கை கொடுக்க வேண்டிய சங்கிலி. அதைக் கோட்டாக மாற்றித் தோளில் போட்டுக்கொண்டால் அவசரத்துக்குக் கோட்டை யார் அடகு பிடிப்பார்கள்?

நான் பையனைப் பண்டல் கடைக்கு அழைத்துப் போனேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளை விற்கும் கடைகள் நம் ஊரில் எத்தனையோ. இந்த வெயில் ஊரில் கம்பளிக் கோட்டை வாங்குவார் இல்லாததால் அது மூலையில் தொங்கும், விலையும் இறங்கும். அரை மணி நேரத்தில் ஒன்று கிடைத்தது. அடர்சாம்பல் நிறம், முழுக் கம்பளி, தோள் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. புதுக் கோட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பையன் முகம் சுருங்கிவிட்டது. 'அத்தை, இது யாரு போட்டதோ. செத்துப்போனவன் கோட்டா இருந்தா?' என்றான். தம்பி மனைவிக்கும் அதே எண்ணம்தான். வாய் திறக்கவில்லை, அவ்வளவே. என் அம்மா மட்டும் கோட்டை வாங்கி மடியில் போட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு பேரனிடம் சொன்னார்: 'ஏன்டா, உங்க தாத்தாவோட பழைய முழுக்கை சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் முப்பது வருசம் பால் வெட்டினேன். அவரு போன பிறகும் அதத்தான் போட்டேன். கொசு கடிக்கல, பனி படல. செத்தவரு சட்டைன்னு அது என்னைய விட்டுப் போச்சா? காப்பாத்துச்சுடா.'

அதற்குமேல் யாரும் பேசவில்லை. கோட்டை உலர்சலவைக்குக் கொடுத்தோம். நான் உள்துணியை மாற்றினேன், பித்தான்களைப் புது நூலால் தைத்தேன். சங்கிலி கழுத்திலேயே இருந்தது. பையன் படிப்பை முடிக்கும் மட்டும் அந்தக் கோட்டுதான்.

பழைய கோட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள், பூச்சி அரித்த துளை ஊசிமுனை அளவு இருந்தாலும் தெரிந்துவிடும். அக்குள் தையலையும் பைகளின் ஓரத்தையும் பாருங்கள், முதலில் கிழிவது அங்கேதான். கழுத்துப் பட்டையை முகர்ந்து பாருங்கள். தூசி வாடை சலவையில் போகும், பூஞ்சண வாடை எளிதில் போகாது. இங்கே கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபாம் போன்ற அறநிறுவனங்கள் நடத்தும் பழைய துணிக் கடைகளில் அந்நாட்டு மாணவர்களே கோட்டு வாங்குகிறார்கள். செப்டம்பரில் போய் இறங்கும் பிள்ளைக்குக் கடுங்குளிர் வர இரண்டு மாதமாவது இருக்கிறது.

அணிவதிலும் சில முறைகள் உண்டு. புதுக் கோட்டின் கைப்புறத்தில் நிறுவனத்தின் பெயர்த்துண்டு தைத்திருந்தால் அதைப் பிரித்துவிட வேண்டும். கோட்டின் பின்புறப் பிளவில் பெருக்கல் குறிபோல் ஒரு நூல் இருக்கும். அது கடையில் மடிப்புக் கலையாமல் இருக்கப் போட்டது, அதையும் வெட்டிவிடுங்கள். கோட்டுக்குள்ளே ஒரே தடித்த உடையைவிட பனியன், சட்டை, ஸ்வெட்டர் என்று மெல்லிய அடுக்குகள் நல்லவை. கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு, காதை மூடத் தொப்பி, கையுறை ஆகியவை இல்லாமல் கோட்டு பாதி வேலைதான் செய்யும். கட்டடத்துக்குள் நுழைந்தால் கோட்டைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே வெப்பமூட்டி இருக்கும். கழற்றாமல் வியர்த்துவிட்டு வெளியே போனால் குளிர் இரட்டிப்பாகத் தாக்கும். பொங்கலுக்குக் கோயிலுக்குப் போகும்போது வேட்டிமேல் ஓவர்கோட்டு போடத் தயங்க வேண்டாம். முழங்கால் வரை கருநீலம், அதன்கீழ் வெள்ளை வேட்டி, பார்க்கக் கம்பீரமாகவே இருக்கும்.

கோட்டு ஊர் திரும்பிய பிறகுதான் அதற்கு ஆபத்து. நம் புழுக்கம் கம்பளிக்கு எதிரி. வெந்நீரில் இயந்திரத்தில் போட்டுத் துவைத்தால் சுருங்கிக் குழந்தைச் சட்டையாகிவிடும். தூரிகையால் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, தோள் அகலமான மரத் தாங்கியில் மாட்டி, துணிப்பையில் மூடி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் வெளியேறாமல் பூஞ்சணம் பிடிக்கும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து உதறுங்கள். அந்துருண்டை போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த நாப்தலின் வாடையே இரத்தத்தைக் கெடுத்துக் கடும் மஞ்சள்காமாலையை உண்டாக்கும். நம் மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் பரிசோதிப்பது அந்தக் குறைபாட்டைத்தான். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அடிக்கடி உதறிக் காற்றாட விடுவதே போதும்.

என் தம்பி மகன் அணிந்த கோட்டு இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அவன் திரும்பி வந்ததும் பழைய தோட்டத்து அண்டைவீட்டுப் பையன் ஒருவன் அதை அயர்லாந்துக்குக் கொண்டுபோனான். அவனுக்குப் பிறகு அவன் ஒன்றுவிட்ட தம்பி. போகிற ஒவ்வொருவரின் முதலெழுத்தையும் உள்பையின் ஓரத்தில் நூலால் தைத்து அனுப்புகிறேன். இதுவரை மூன்று எழுத்துகள் ஆகியிருக்கின்றன.

உங்கள் அலமாரியிலும் எப்போதோ வெளிநாடு போய்வந்த யாருடைய கோட்டாவது தொங்கிக்கொண்டிருக்கலாம். நினைவுக்காக வைத்திருக்கிறோம் என்பீர்கள். பூச்சிக்கு அந்த நினைவு தெரியாதே! இந்த ஆண்டு உங்கள் பக்கத்தில் எந்த வீட்டுப் பிள்ளை புறப்படுகிறான் என்று கோயிலில் கேளுங்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். கோட்டை வெளியே எடுத்து, தூசி தட்டி, பித்தானை இறுக்கித் தைத்து, அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இருப்பார்கள். ஆகவே கொடுப்பவரே முதலில் போக வேண்டும்.